உடன் கற்றோர் உரைக்கும் பாயிரம்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துப் பள்ளியை விட்டு வெளியேறும் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் நாம் எழுதித் தரும் சொற்சித்திரம் ஒன்று உண்டு. அதற்கு மாற்றுச் சான்றிதழ் என்று பெயர். 'அங்க அடையாளங்கள்' என்னும் தலைப்பின் கீழ் வலது முழங்கையில் ஒரு மச்சம், இடது புருவத்தின் மேல் ஒரு தழும்பு என இரண்டு வரிகள். 'நடத்தை' என்னும் தலைப்பின் கீழ் 'நன்று' என்று ஒரே ஒரு சொல். பன்னிரண்டு ஆண்டுகள் ஒரு பிள்ளை நம் கண்முன் வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றி நமக்குச் சொல்லத் தெரிந்தது ஒரு மச்சமும் ஒரு தழும்பும்தான்.

மாணவர்கள் தமக்குள் எழுதிக்கொள்வது இதைவிடச் சற்று மேல். வண்ணத் தாள்களால் ஆன ஆட்டோகிராஃப் ஏடுகள் ஒரு காலத்தில் பிப்ரவரி பிறந்தால் வகுப்புதோறும் கைமாறும். 2004இல் வெளிவந்த சேரனின் திரைப்படம் அந்தப் பெயரையே தலைப்பாகக் கொண்டது. இப்போது அந்த வாழ்த்துகளுள் பெரும்பங்கு வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. ஆனால் ஏட்டிலும் சரி, கைப்பேசியிலும் சரி, எழுதப்படுவது வாழ்த்து. மறவாதே, வாழ்க, வெல்க என்பனவற்றை யாரும் யாருக்கும் எழுதலாம். பெயரை மாற்றினால் அடுத்தவருக்கும் பொருந்தும் வாசகம் ஒருவரின் சித்திரம் ஆகாது.

நாம் இங்கே முன்வைக்க விரும்பும் கருத்து இதுதான்: பள்ளி இறுதி வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் தம் வகுப்புத் தோழர் ஒருவரைப் பற்றி, அவர் எப்படிப்பட்டவர், என்ன ஆக விரும்புகிறார் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். அந்தப் பக்கங்களைப் பள்ளி பாதுகாக்க வேண்டும்.

இது மேல்நாட்டுப் பள்ளிகளின் ஆண்டு மலரைப் பார்த்துச் சொல்லும் யோசனை அன்று. தமிழிலக்கணம் கற்றோருக்கு இது புதிதாகவும் தோன்றாது. ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் சொல்லும் கடமை யார் யாருக்கு உரியது என்று நன்னூல் பட்டியலிடுகிறது. ஆசிரியர், மாணாக்கர், தகுதியுடைய உரைகாரர் ஆகியோருடன் உடன் கற்றவரையும் பவணந்தியார் அங்கே வைக்கிறார். ஒருவன் தன்னைத் தானே புகழ்ந்துகொள்வது தகாது என்று கருதிய மரபு, அவனைப் பற்றிச் சொல்லும் பொறுப்பை அவனோடு ஒரே இடத்தில் இருந்து படித்தவனிடம் ஒப்படைத்தது. தொல்காப்பியத்தின் பாயிரமே அப்படி எழுந்ததுதான். அதைப் பாடிய பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கர் என்பது உரையாசிரியர்கள் வழிவரும் செய்தி. அந்தப் பாயிரத்தில் வெற்று வாழ்த்து இல்லை. எந்த நிலப்பரப்பின் வழக்கை ஆராய்ந்தார், எந்த அவையில் அரங்கேற்றினார், யார் முன் குறைகளுக்கு விடை சொன்னார், எந்த இலக்கணத்தை நிறையக் கற்றிருந்தார் என்று செய்தி செய்தியாக அடுக்கிச் செல்கிறது. நமக்குக் கிடைத்த மிகப் பழைய தமிழ் நூலின் வாயிலில் நிற்பது, ஒரு வகுப்புத் தோழனைப் பற்றி இன்னொரு வகுப்புத் தோழன் எழுதிய குறிப்பு.

சோழநாட்டுக்கு வருவோம். 1871இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்கச் சேர்ந்தார் உ.வே. சாமிநாதையர். பின்னாளில் 'என் சரித்திரம்' எழுதியபோது தம் ஆசிரியரை மட்டும் அவர் வரையவில்லை. தம்மோடு படித்தவர்களையும் வரைந்தார். கிறித்தவரான சவேரிநாத பிள்ளை ஒரு சைவப் பெரும்புலவரிடம் தமிழ் கற்றதையும், 1876இல் அந்த ஆசிரியரின் இறுதி வேளையில் அவரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்ததையும் நாம் அறிவது அருகில் இருந்த உடன் மாணவர் ஒருவர் எழுதி வைத்ததனால்தான். எந்த மடத்துக் கணக்கேடும் இப்படி ஒரு காட்சியைப் பதிவு செய்யாது.

இன்னொரு சான்றும் கும்பகோணத்திலேயே இருக்கிறது. 1904இல் நகர உயர்நிலைப் பள்ளியில் கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசை ஒரு மாணவனுக்கு வழங்கிய தலைமையாசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இவனுக்கு முழு மதிப்பெண்ணுக்கும் மேலே கொடுக்கத் தகும் என்று அவையில் அறிமுகம் செய்தார். அந்த மாணவன் சீனிவாச இராமானுஜன். அதன் பிறகு ஏடுகள் அவனைப் பற்றிச் சொன்னவை வேறு: கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தான், சென்னைப் பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் எஃப்.ஏ. தேர்விலும் தோற்றான். சான்றிதழ்களை மட்டும் நம்பியிருந்தால் இராமானுஜன் படிப்பு வராத பிள்ளை. அவர் எப்படிப்பட்ட சிறுவராக இருந்தார், கணக்கில் தோழர் சாரங்கபாணி தம்மை முந்தியபோது எப்படிப் பொறுக்கமாட்டாமல் கலங்கினார் என்பன போன்ற செய்திகளை உடன் படித்தவர்களின் நினைவுகள்தாம் காத்து வைத்திருந்தன. அத்தகைய நினைவுகளையும் கடிதங்களையும் தேடித் திரட்டி 1968இல் நூலாக்கியவர் சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளியின் கணித ஆசிரியர் பி.கே. சீனிவாசன். அதற்குள் இராமானுஜன் மறைந்து 48 ஆண்டுகள் ஆகிவிட்டன. தோழர்களுள் எத்தனை பேர் எதுவும் சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்களோ! 1904இலேயே அந்த வகுப்பில் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தால் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

எல்லாரும் இராமானுஜன் ஆவார்களா என்று கேட்கலாம். ஆகமாட்டார்கள். ஆகாதவர்களுக்காகத்தான் இதை அதிகம் வேண்டுகிறோம்.

நம் கல்லூரி வகுப்புக்கு வருவோரில் பலர், தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதிப்பவர்கள். முதல் வாரத்தில் 'என் எதிர்காலக் கனவு' என்று எழுதச் சொன்னால் ஆட்சித்தலைவர், மருத்துவர், நாட்டுக்குத் தொண்டு என்று மேடைப் பேச்சு வந்து சேரும். அதையே 'உன் பள்ளித் தோழர் ஒருவரைப் பற்றி எழுது' என்று மாற்றிக் கேட்டால் எழுத்தே வேறாகிவிடுகிறது.

திருவையாற்றுப் பக்கத்துப் பெண்ணைப் பற்றி அவள் தோழி எழுதியிருந்தாள். குறுவை நடவுக் காலத்தில் அவள் அம்மா விடியலிலேயே வயலுக்குப் போய்விடுவாராம்; தம்பியைக் குளிப்பாட்டி, சோறு கட்டி, இரண்டாம் பாடவேளைக்குத்தான் இவள் வந்து சேர்வாளாம். தாமதத்துக்குக் காரணம் கேட்டால் ஒரு நாளும் சொன்னதில்லை. செவிலியர் ஆக வேண்டும் என்பது அவள் ஆசை. ஆசுபத்திரியில் தன் அம்மாவை யாரும் அதட்டாமல் இருக்க வேண்டும் என்பது அவள் தோழியிடம் மட்டும் சொன்ன காரணம். எந்த நேர்முகத் தேர்விலும் அந்தக் காரணத்தை அவள் சொல்லப் போவதில்லை.

பேராவூரணிப் பக்கத்துப் பையன் ஒருவன். 2018 நவம்பர் 16ஆம் நாள் கரையேறிய கஜா புயலில் அவர்களுடைய தென்னைகள் சாய்ந்தன. அப்போது அவன் சிறுவன். மறுநடவு செய்த கன்றுகளும் அவனும் சேர்ந்து வளர்ந்தார்கள். வகுப்பில் காற்று வேகமாக வீசினால் அவன் பேச்சை நிறுத்திவிட்டுச் சன்னலைப் பார்ப்பான் என்று தோழன் எழுதியிருந்தான். சிங்கப்பூர் போய்ச் சம்பாதித்துக் கடனை அடைத்துவிட்டு, மரங்கள் காய்க்கும்போது திரும்பி வந்துவிட வேண்டும் என்பது அவன் கணக்கு.

நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறையிலிருந்து வந்த இன்னொருவன், பள்ளி மணியாகத் தொங்கிய தண்டவாளத் துண்டைத் தட்டிப் பார்த்து, இதில் எங்கோ விரிசல் இருக்கிறது என்று சொன்னானாம். யாரும் நம்பவில்லையாம். அவன் விரும்புவது கணினி அறிவியல். அப்பாவின் உலைச்சூடு தனக்கு வேண்டாம் என்கிறான். ஆனாலும் அந்தக் காது அவனோடு போகும்.

நான்காவது பக்கம் நம்மை நெடுநேரம் நிறுத்தி வைத்தது. திருத்துறைப்பூண்டிக்கு அப்பால் ஒரு கடைமடைக் கிராமம். அந்தப் பையன் நாள்தோறும் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைக் கரும்பலகையின் ஓரத்தில் சுண்ணக்கட்டியால் எழுதி வைப்பானாம். 120 அடியைத் தொட்ட அன்று அதைச் சுற்றி ஒரு வட்டம். ஜூன் 12இல் அணை திறந்தாலும் தண்ணீர் தங்கள் வாய்க்காலுக்கு என்றைக்கு வரும் என்று நாள் குறித்துச் சொல்வானாம், பெரும்பாலும் தப்பாதாம். பிரிவுபசார விழாவில் ஆளுக்கொரு கனவைச் சொல்லச் சொன்னபோது அவன் 'விவசாயம்' என்றான். அரங்கமே சிரித்தது. எழுதியவன் இப்படி முடித்திருந்தான்: சிரித்தவர்களில் நானும் ஒருவன், அவனும் சிரித்தான், ஆனால் அதற்குப் பிறகு கரும்பலகையில் அவன் எண் எழுதவில்லை.

நெற்களஞ்சியம் என்று நாம் மேடைதோறும் முழங்கும் நிலத்தில், உழவு செய்ய விரும்புகிறேன் என்று ஒரு பதினேழு வயதுப் பிள்ளை சொன்னால் அது நகைச்சுவையாகிவிடுகிறது. 2020இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாக்கச் சட்டம் இயற்றினோம். மண்ணைக் காக்கச் சட்டம் போதுமாயிருக்கலாம். அந்த மண்ணில் நிற்க விரும்பும் பிள்ளையின் ஆசையைக் காக்க, அவனைச் சிரிக்காமல் பார்க்கும் ஒரு தோழன் வேண்டும். அந்தத் தோழனுக்குப் பார்க்கக் கற்றுத் தருவது நம் வேலை.

இனி, யார் யாரைப் பற்றி எழுதுவது? பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொன்னால் ஒரே தெருக்காரர்கள் ஒருவரையொருவர் எழுதிக்கொள்வார்கள். டெல்டாவில் தெரு என்றால் என்ன பொருள் என்பதை விளக்கத் தேவையில்லை. 2023இல் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அந்த வழக்கில் பிடிபட்டவர்கள் அவருடைய பள்ளி மாணவர்களே. அதன் பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024இல் அளித்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளுக்குத் தடை விதிக்கப் பரிந்துரைத்தது. கயிற்றை அவிழ்ப்பது தேவைதான். அவிழ்த்த பிறகு பக்கத்து பெஞ்சுக்காரனைப் பற்றி என்ன தெரியும் என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. ஆகவே பெயர்களைச் சீட்டெழுதிக் குலுக்கி எடுக்க வேண்டும் என்கிறோம். சோழர் காலத்துக் குடவோலையைப் பெருமையாகப் பாடம் நடத்தும் நமக்கு இது கடினமாக இராது. யார் பெயர் வருகிறதோ அவரோடு ஒரு வாரம் பேசிப் பழகி, அவர் உண்ணும் சோற்றையும் வரும் வழியையும் ஆசையையும் அறிந்து எழுத வேண்டும்.

பொதுத் தேர்வு நெருங்கும் வேளையில் இதற்கு ஏது நேரம் என்பார்கள். ஒரு பக்கம்தான், மதிப்பெண் இல்லை, திருத்தும் வேலையும் இல்லை. கேலி எழுதிவிடுவார்களே என்பார்கள். எழுதப்பட்டவர் படித்து ஒப்புக்கொண்ட பின்பே ஏட்டில் சேர்க்க வேண்டும். புகழ்ந்து தள்ளிவிடுவார்களே என்பார்கள். அதற்கும் ஒரு விதி உண்டு: பெயரை மாற்றினால் இன்னொருவருக்குப் பொருந்தும் வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். இந்த ஒரு விதியைப் பழகினாலே, மொழிப்பாடத்தில் நாம் கற்றுத் தர முயலும் உரைநடையில் பாதியை அவர்கள் கற்றுவிடுவார்கள்.

கும்பகோணத்தைச் சொன்ன வாய் இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 2004 ஜூலை 16 அன்று அந்நகரில் ஒரு பள்ளியில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொண்டுபோயிற்று. ஆண்டுதோறும் அந்நாளில் பெற்றோர் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன, வயதும் இருக்கிறது. எந்தப் பிள்ளை எதைப் பார்த்துச் சிரித்தது, எது என்னவாக ஆசைப்பட்டது என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்து தப்பிய குழந்தைகளே அறிந்திருப்பார்கள். அவர்கள் இன்று வளர்ந்துவிட்டார்கள். அவர்களிடம் யாரேனும் கேட்டார்களா?

பிள்ளைகளின் ஆசைகள் நிறைவேறும் என்று நாம் உறுதி தர இயலாது. செவிலியர் ஆக விரும்பியவள் கடையில் கணக்கெழுதலாம். சிங்கப்பூர் போனவன் திரும்பாமலே இருக்கலாம். ஆனால் பதினேழு வயதில் அவர்கள் இதை விரும்பினார்கள், இந்தக் காரணத்துக்காக விரும்பினார்கள் என்பதற்கு ஒரு சாட்சி வேண்டாமா? அந்தச் சாட்சியைச் சொல்லத் தகுதியுடையவர்கள் ஆசிரியர்களைவிட, பெற்றோரைவிட, அருகில் அமர்ந்து படித்தவர்களே.

பனம்பாரனாரும் ஓர் இலக்கணம் செய்தார் என்பார்கள். அது நமக்கு முழுமையாகக் கிடைக்கவில்லை. உடன் படித்தவரைப் பற்றி அவர் சொன்ன பாயிரம் மட்டும் இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. வரும் பிப்ரவரியில் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் ஏதேனும் ஒரு பள்ளியில், ஏதேனும் ஒரு தமிழாசிரியர் சீட்டுக் குலுக்கித் தொடங்கி வைக்கலாம். ஒரு கட்டு வெள்ளைத்தாள் போதும்.