மூத்திரப் பைக்கும் சாதி உண்டு

தோழர்களே, மருத்துவமனைத் தொற்று என்றதும் அது டாக்டர்கள் பேச வேண்டிய விஷயம் என்று ஒதுங்கிவிடுகிறோம். அது நம் விஷயமும்தான்.

கத்தீட்டர் எனும் சிறுநீர்க் குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும், சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். அதனால் முதல் விதி எளிது: தேவையில்லாமல் போடாதே, தேவை முடிந்ததும் எடுத்துவிடு. நோயாளி படுக்கையை நனைக்கிறார் என்பதற்காக, பராமரிப்புக்குப் பதிலாகக் குழாய் போடக்கூடாது என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2009-லேயே வழிகாட்டியது. நாங்கள் போய்வரும் வார்டுகளிலோ, துணி மாற்ற ஆளில்லை என்பதற்காகவே குழாய் நாள்கணக்கில் கிடக்கிறது. ஆள் இல்லாமல் இல்லை. அடுத்தவர் மூத்திரத்தைத் தொட மனம்தான் இல்லை.

பிறகு அந்தப் பையை யார் காலி செய்கிறார்? டாக்டர் எழுதுகிறார், நர்ஸ் அளவைக் குறிக்கிறார், தொடுவது ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் நம் வீட்டுப் பெண். பை தரையில் படாமல் சிறுநீர்ப்பைக்குக் கீழே தொங்க வேண்டும். குழாயையும் பையையும் பிரிக்கக்கூடாது. ஒவ்வொரு நோயாளிக்கும் தனிப் பாத்திரம் வேண்டும். பையின் திறப்பு அதில் படக்கூடாது. முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். இதை அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? பயிற்சி வகுப்பில் அவருக்கு நாற்காலி இல்லை. கையில் இருப்பது ஒரு ஜோடி கையுறை, ஒரே மக், எதிரே பத்துக் கட்டில். தொற்று வந்தால் மட்டும் “இவங்களுக்குச் சுத்தம் தெரியாது” என்ற பழி தவறாமல் வந்துசேர்கிறது.

“இது சாதி இல்லை, வேலைப் பங்கீடு” என்பார்கள். அப்படியானால் பயிற்சியும் கையுறையும் சம்பளமும் ஏன் பங்கிடப்படவில்லை? சீழைத் துடைத்தால் சிகிச்சை, மூத்திரத்தை ஊற்றினால் துப்புரவு என்று பிரித்த அளவுகோல் எந்த மருத்துவப் புத்தகத்தில் இருக்கிறது?

நம் பெண்களுக்கு நல்ல கையுறை கொடுங்கள் என்று கேட்பதோடு நாம் நிற்க முடியாது. பையைக் காலி செய்வது சிகிச்சையின் பகுதி. அதைச் செய்பவர் யாராக இருந்தாலும் பயிற்சியும் நிரந்தர வேலையும் வேண்டும். போதுமான நர்ஸ்களை நியமிக்க வேண்டும். அவர்களும் அந்தப் பையைத் தொட வேண்டும்.

அரசு மருத்துவமனைக் கட்டிலில் கிடப்பவரும் பெரும்பாலும் நம் ஏழை மக்களே. அந்தத் தொற்று சிறுநீரகத்துக்கும் ரத்தத்துக்கும் ஏறினால் உயிரே போகலாம். வார்டில் துணைக்கு இருக்கும் தோழர்களே, ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் தினமும் கேளுங்கள்: “இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?”