சூழல் அக்கறை யாருக்கு உரியது?

முதலில் நாடு செல்வம் சேர்க்கட்டும். காற்றையும் நீரையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஆளும் வர்க்கத்தின் பழைய வாதம். வருமானம் உயரும்போது மாசு முதலில் பெருகி, ஒரு கட்டத்திற்குப் பின் தானே குறையும் என்று 1990-களில் பொருளியலாளர் சிலர் இதற்கு ஒரு வளைகோடும் வரைந்து தந்தனர். வறியவர்க்குச் சோறே கவலை, சூழல் பற்றிய கவலை வசதி படைத்தோர்க்கே உரியது என்பது இவ்வாதத்தின் உட்கிடை.

1992-இல் கேலப் நிறுவனம் 24 நாடுகளில் நடத்திய கருத்தாய்வு இதனை மறுத்தது. செல்வ நாடுகளைப் போலவே ஏழை நாடுகளிலும் மக்கள் சூழல் சீர்கேடு குறித்து ஆழ்ந்த கவலை தெரிவித்தனர்.

நமக்கு அண்மைச் சான்று, திருவனந்தபுரத்தை அடுத்த விளப்பில்சாலை. 2000-ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட ஆலைக்குத் தலைநகரின் குப்பை லாரி லாரியாகச் சென்றது. நகரம் தூய்மையாயிற்று, கிராமத்தின் காற்றும் ஓடையும் நாறின. எதிர்த்து நின்றோர் செல்வர் அல்லர். சாதாரண கிராமத்து மக்கள். 2011 டிசம்பரில் ஊராட்சி ஆலைக்குப் பூட்டுப் போட்டது. நீதிமன்ற ஆணையும் காவல்துறையும் 2012-இல் வந்தபோதும் மக்கள் அசையவில்லை. அதன் பின்னரே நகரம் தன் குப்பையைத் தன் வீட்டிலேயே உரமாக்கும் வழியைப் பரவலாக நாடியது. பாலக்காடு மாவட்டத்துப் பிளாச்சிமடையில் 2002-இல் கோக்ககோலா ஆலையை எதிர்த்துப் பந்தலிட்டு அமர்ந்தோரும் நிலத்தடி நீரை இழந்த ஆதிவாசிகளும் விவசாயிகளுமே. 2004-இல் ஆலை நின்றது.

செல்வம் பல வேளைகளில் மாசை ஒழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. நச்சுக் கழிவைக் கூலி குறைந்த நாட்டில் கொட்டுவதே பொருளாதார நியாயம் என்றது, 1991 டிசம்பரில் உலக வங்கியின் தலைமைப் பொருளியலாளர் லாரன்ஸ் சம்மர்ஸ் கையொப்பமிட்ட குறிப்பு. அது வெறும் கேலி எனப் பின்னர் விளக்கம் தரப்பட்டது. ஆயின் உலகின் பழைய கப்பல்களை இன்றும் குஜராத்தின் அலங் கடற்கரையில் உடைப்பவர் நம் புலம்பெயர் தொழிலாளரே.

எனவே, வேலையா சூழலா என்று முதலாளி வர்க்கம் எழுப்பும் கேள்வியை நாம் ஏற்கலாகாது. ஆலையின் நஞ்சை முதலில் சுவாசிப்பவர் அதன் தொழிலாளி. அடுத்தவர் வேலியோரத்து விவசாயி. கேரளத்தில் வீடு வீடாகக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்களுக்கு நிலையான ஊதியமும் பணிப் பாதுகாப்பும் கோருவதும் சூழல் போராட்டமே. கிளைதோறும் தோழர்கள் இதனை விவாதிக்க வேண்டும். தொழிற்சங்கக் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வுக்கு அடுத்த வரியில் ஊர்க் கிணற்றின் நீரும் இடம்பெறட்டும்.