பூண்டிச் சிற்பிகளும் யந்திரமும்

சுந்தரர் பாடிய தலமாகிய திருமுருகன்பூண்டியில், பனியன் கம்பெனிகளுக்கு நடுவே சாலையோரக் கொட்டகைகளில், விநாயகரும் முருகனும் நந்தியும் கருங்கல்லிலிருந்து உருவாகி வருவதைத் திருப்பூரிலிருந்து அவினாசி செல்வோர் அனைவரும் கண்டிருப்பர். அக்கொட்டகைகளில் உளியோசை குறைந்து, அறுப்பு யந்திரத்தின் இரைச்சல் மிகுந்துவிட்ட மாறுதலை அடியோடு நிந்திப்பவர்களோடும், அப்படியே கொண்டாடுபவர்களோடும் நான் உடன்படவில்லை.

ஊத்துக்குளி வட்டாரத்துக் கருங்கல்லைப் பிளந்து, வேண்டாத பாகத்தைத் தட்டித் தட்டிக் கழித்து, பிரதிமையின் முதல் உருவைக் காண்பதற்கே நாட்கணக்கில் தோள் தேய உழைத்த ஒருவரிடம், வைர முனை பதித்த சக்கரம் சில மணி நேரத்தில் முடிக்கும் வேலையை மறுபடி கையாலேயே செய்யும்படி சொல்ல நமக்கு யாதொரு அதிகாரமும் இல்லை. ஆனால், அச்சக்கரம் எழுப்பும் சிலிக்காப் புழுதி நுரையீரலில் தங்கி உண்டாக்கும் சிலிக்கோசிஸ் என்னும் வியாதியைக் குணப்படுத்த மருந்தில்லை. ஆகையால், யந்திரம் வாங்கப் பணமுள்ள பட்டறையில், கல்லை அறுக்கும்போது நீர் பாய்ச்சும் ஏற்பாடும், தரமான முகக்கவசமும் கட்டாயம் இருந்தே தீர வேண்டும்.

என் கவலை வேறொன்றைப் பற்றியது. உத்தம தசதாலம் என்னும் சிற்ப அளவுமுறையில் உருவத்தின் உயரத்தை 124 அங்குலங்களாகப் பகுக்கும் சாஸ்திரக் கணக்கைக் கணினி நொடியில் போட்டுவிடும். முப்பரிமாண வடிவத்தைத் திரையில் வரைந்து கொடுத்தால் சி.என்.சி. யந்திரம் அதைக் கல்லிலும் குடைந்து தரும். எனினும், தட்டிய ஓசையிலிருந்தே கல்லின் குணத்தை அறியவும், எந்தச் சாய்வில் உளி வைத்தால் சில்லு பெயரும், எந்தச் சாய்வில் கல்லே விண்டுவிடும் என்று உணரவும் ஓர் இளைஞன் பழகியது, இன்று யந்திரம் எடுத்துக்கொண்ட அந்த ஆரம்ப வேலையில்தானே? அப்பயிற்சி இல்லாமல் நேரே கண்ணும் புருவமும் செதுக்க வருகிறவனுடைய கைக்குக் கல் எப்படி வசப்படும்? ஒரே அளவில் ஆயிரம் சட்டைகள் தைத்து அனுப்புவது திருப்பூருக்குப் பெருமை. ஆயிரம் கோயில்களில் ஒரே முகமுள்ள அம்பிகை எழுந்தருளுவது சிற்பக்கலைக்குப் பெருமையாகாது.

1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கிய அரசுச் சிற்பக் கல்லூரியை நெடுங்காலம் நடத்திய கணபதி ஸ்தபதி வடிவமைத்த ஹவாய்த் தீவுகளிலுள்ள ‘இறைவன்’ கோயிலுக்குரிய கற்களைப் பெங்களூருக்கு அருகே கைஉளியாலேயே செதுக்கினார்கள். 1990-இல் தொடங்கிய அத்திருப்பணி 2023-இல்தான் கும்பாபிஷேகம் கண்டது. அத்தனை அவகாசமும் திரவியமும் நம் கிராமக் கோயில்களுக்கு வாய்ப்பதில்லை என்பது மெய்யே. ஆயினும், கல்லை அறுப்பதையும் உருவைத் திரட்டுவதையும் யந்திரத்துக்கு விட்டு, முகத்தையும் கை முத்திரைகளையும் கையாலேயே முடிப்பது என்ற நியதியையும், மாணாக்கன் சிறு கற்களில் முதலிலிருந்து கடைசிவரை உளியாலேயே பழகுவது என்ற வழக்கத்தையும் காப்பாற்றுவது அசாத்தியமன்று. அதற்கு ஆகும் அதிகப்படிக் கூலியைச் சிற்பியின் தலையில் சுமத்தாமல், விக்கிரகம் கேட்டு வருபவர்களே ஏற்பதுதான் நியாயம்.

திருப்பணிக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்: கும்பாபிஷேகத் தேதியைக் குறித்துவிட்டுச் சிற்பியை அவசரப்படுத்தாதீர்கள், அவருக்கு எவ்வளவு காலம் வேண்டும் என்று கேட்டறிந்து, அதன்பின் தேதி குறியுங்கள்.