அறிவிப்பாளர் இல்லாத செய்தியும் ஆறாம் தரத்து ஊசியும்

கொஞ்சம் நீளமான பதிவு. ஏசுவதென்றால் முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

கடந்த சில நாட்களாக நமது ஊர் வட்ஸ்அப் குரூப்களில் மூன்று செய்திகள் சுற்றுகின்றன. சந்திரன் பிளந்ததை நாசா ஒப்புக்கொண்டுவிட்டது என்று ஒரு படம். நீல் ஆம்ஸ்ட்ரோங் சந்திரனில் பாங்குச் சத்தம் கேட்டு இஸ்லாத்தை ஏற்றார் என்ற நமது வாப்பாமார் காலத்துக் கதை, இப்போது கம்பியூட்டர் குரலில் புது வீடியோவாக. மூன்றாவது ஒரு வொய்ஸ் கட்: பாடசாலையில் 6ஆம் தரப் பெண்பிள்ளைகளுக்குப் போடும் ஊசி பிள்ளை பெறாமல் ஆக்கும் ஊசி, நமது சனத்தொகையைக் குறைக்க வந்தது, கையெழுத்துப் போடாதீர்கள்.

மூன்றாவதைப் பற்றித்தான் பேச வேண்டும். ஆனாலும் முதல் இரண்டும் நம்மைப் பழக்கிவைத்த பழக்கத்தில்தான் மூன்றாவதும் ஓடுகிறது. ஆகவே அதிலிருந்தே தொடங்குவோம்.

பிளவு என்று காட்டப்படும் படம் அரியடேயஸ் என்ற பள்ளத்தாக்குடையது. 1969இல் அப்பலோ 10 பயணத்தில் எடுக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். சந்திரனின் சுற்றளவோ 10,900 கிலோமீட்டருக்குக் கிட்ட. இலங்கையில் பாதித் தூரத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும் ஒரு பள்ளத்தை எடுத்து, ஒரு கோளமே இரண்டாகிச் சேர்ந்த தழும்பு என்கிறோம். சூரா கமரை ஈமான் கொண்டவருக்கு நாசாவின் சான்றிதழ் எதற்கு? அதையாவது யோசித்தோமா?

ஆம்ஸ்ட்ரோங் கதை இன்னும் பாவம். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே மறுத்தார். முஸ்லிம் நாடுகளில் கதை பரவிய வேகத்தைப் பார்த்து, 1983இல் அமெரிக்க வெளியுறவுத் திணைக்களமே தனது தூதரகங்களுக்கு மறுப்பு அனுப்பியது. சந்திரனில் வளி இல்லை. வளி இல்லாத இடத்தில் ஒலி பரவாது. மணிச்சாடிக்குள் மின்மணியை வைத்து வளியை உறிஞ்சினால் சத்தம் மங்கிப்போகும் என்பதை நமது பிள்ளைகள் விஞ்ஞானப் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள். வீட்டுக்கு வந்தால் வாப்பாவின் போனில் சந்திரனில் பாங்கு கேட்கிறது. பிள்ளை எதை நம்புவது?

சரி, இவற்றால் யாருக்கும் நட்டமில்லை என்று வைத்துக்கொள்வோம். இனி ஊசிக்கு வருவோம்.

2018 பெப்ரவரி 26 இரவை மறந்துவிட்டோமா? அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஏதோ கட்டி. மலட்டு மாத்திரை என்றார்கள். சிங்களம் ஓடாத அந்தச் சகோதரர், சூழ்ந்து நின்ற கூட்டத்தின் மிரட்டலில் ஆமென்று ஏதோ சொல்லிவைக்க, அது வீடியோவாகி, ‘ஒப்புக்கொண்டான்’ என்று நாடெங்கும் போனது. அந்த இரவே கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துச் சொன்னார், அது மாவுக்கட்டி என்று. சாப்பிட்டவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை என்று ஒன்று உலகத்திலேயே இல்லை. ஆனால் அந்த அறிக்கை வரும்வரை யார் காத்திருந்தார்கள்?

ஒரு வாரத்தில் திகன. அங்கே உடனடிக் காரணம் வேறு. தாக்கப்பட்ட ஒரு லொறிச் சாரதியின் மரணம். ஆனால் ஊர் ஊராகத் தீயைக் கொண்டுபோனவை போன்கள்தான். அவசரகால நிலையைப் பிரகடனப்படுத்தி, பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்க வேண்டி வந்தது. அந்தக் கலவரத்தில் தனது தளம் பயன்பட்ட விதத்துக்காக 2020 மே மாதத்தில் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது.

அடுத்த வருடம் குருநாகல். நாலாயிரம் சிங்களத் தாய்மாருக்குத் திருட்டுத்தனமாகக் கருத்தடை செய்ததாக ஒரு பத்திரிகையின் முதற்பக்கம். டொக்டர் ஷாபி கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, ஆதாரம் இல்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்தது. பின்னர் அவருக்குக் கிடைத்த சம்பள நிலுவையை, நாடு மருந்தில்லாமல் தவித்த 2022இல், மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார் அந்த மனிதர்.

கறியில் மாத்திரை, சத்திரசிகிச்சையில் கத்தி, இப்போது ஊசி. பொய் ஒன்றுதான்: ‘உங்கள் பெண்களை மலடாக்கி உங்கள் இனத்தை அழிக்கப் பார்க்கிறார்கள்.’ இதே வசனத்தைச் சிங்களத்தில் கேட்டபோது நமது கடைகள் எரிந்தன, இனவாதம் என்றோம். தமிழில் நமக்கு வந்தபோது ‘பயனுள்ள தகவல், பகிருங்கள்’ என்கிறோம். அன்று அம்பாறையில் வீடியோவைப் பகிர்ந்த சிங்களத் தாயும் தனது பிள்ளைகளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பாள். நல்ல நிய்யத் அவளிடமும் இருந்திருக்கும்.

அந்த ஊசி என்ன? எச்.பி.வி. என்ற வைரசுக்கு எதிரான தடுப்பூசி. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் கிட்டத்தட்ட முழுவதும் இந்த வைரசால்தான் வருகிறது. இலங்கையில் 2017இலிருந்து 6ஆம் தர மாணவிகளுக்கு, சிங்களம், தமிழ், முஸ்லிம் என்ற பேதமில்லாமல், இலவசமாகப் போடப்படுகிறது. ஸ்கொட்லாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசியை முழுமையாகப் போட்டுக்கொண்ட பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து 2024இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட இந்தப் புற்றுநோய் வந்திருக்கவில்லை.

முஸ்லிம்களைக் குறைக்கவென்றால் மலேசியா 2010இலேயே தனது பிள்ளைகளுக்குப் போடத் தொடங்கியது ஏன்? சவூதி அரேபியா தனது தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்திருப்பது ஏன்? பாகிஸ்தானில் 2025 செப்டெம்பரில் இந்த ஊசி அறிமுகமானபோது இதே மலட்டுக் கதை அங்கும் பரவியது. சுகாதார அமைச்சர் முஸ்தபா கமால் என்ன செய்தார் தெரியுமா? கமராக்களுக்கு முன்னால் தனது சொந்த மகளுக்கு ஊசி போட வைத்தார்.

இன்னொரு பேச்சும் அடிபடுகிறது. இந்த வைரஸ் தாம்பத்திய உறவின் வழியே தொற்றுவது, நமது பிள்ளைகள் ஒழுக்கமானவர்கள், நமக்கு எதற்கு என்று. வெட்கப்பட்டு மூடிவைக்கிற விடயமில்லை, ஆகவே சொல்கிறோம்: ஒரு பெண் எவ்வளவு பேணுதலாக வாழ்ந்தாலும் அவளுக்கு வரப்போகும் கணவனின் கடந்த காலத்துக்கு அவளால் உத்தரவாதம் கொடுக்க முடியாது. ஹலாலான நிக்காஹ்வுக்குப் பிறகும் வரக்கூடிய நோய் இது. எம்.ஓ.எச். அலுவலகத்துச் சுகவனிதையர் கிளினிக்குக்கு 35 வயதில் போய்ச் சோதிக்கும்படி சொன்னால் நமது பெண்களில் எத்தனை பேர் போகிறார்கள்? கூச்சத்தில் போகாமல் இருந்து, கடைசியில் மஹரகமைக்கு வான் பிடிக்கிறோம். அதற்குப் பள்ளியில் ஜும்ஆவுக்குப் பிறகு துண்டு விரித்து வசூல். வசூலுக்கு அள்ளிக் கொடுக்கும் ஊர் இது, மறுப்பதற்கில்லை. வராமல் தடுக்க ஒரு கையெழுத்துக் கேட்டால் மட்டும் வொய்ஸ் கட்.

ஒரு கேள்வி மட்டும் நியாயமானது. ‘ஜனாஸாக்களை எரித்த அரசாங்கத்தின் ஊசியை எப்படி நம்புவது?’ இதைக் கேட்பவரை நாம் முட்டாள் என்று சொல்லமாட்டோம். 2020 ஏப்ரல் 11 வர்த்தமானியை யார் மறப்பது? பிறந்து 20 நாளான சிசுவையும் எரித்தார்கள். 276 முஸ்லிம்களின் ஜனாஸாக்கள். 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்த நாட்களில் நாம் எதைப் பிடித்துக்கொண்டு போராடினோம் என்று நினைத்துப் பாருங்கள். அடக்கம் செய்யலாம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலை. நிலத்தடி நீரால் கொரோனா பரவாது என்று சொன்ன, 2003இன் சார்ஸ் வைரசைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான பேராசிரியர் மலிக் பீரிஸை. அடக்கத்தை அனுமதிக்கலாம் என்று சொன்ன இலங்கை மருத்துவச் சங்கத்தையும் சமுதாய வைத்தியர்கள் கல்லூரியையும். பெரும்பாலும் சிங்களவர்களான இந்த வைத்தியர்கள், அந்த நேரத்துக் காற்றுக்கு எதிராக நின்று விஞ்ஞானத்தைச் சொன்னார்கள். நம்மை எரித்தது விஞ்ஞானத்தைக் காலில் மிதித்த அரசியல். நீரில் வைரஸ் வரும் என்ற கதைக்கு அன்றும் ஆதாரம் கேட்டோம், கேட்டது சரி. மலட்டு ஊசிக் கதைக்கு இன்று ஏன் கேட்கவில்லை? உலக சுகாதார நிறுவனம் ஜனாஸா விடயத்தில் நமது சாட்சி, ஊசி விடயத்தில் யூதச் சதியா?

ஹதீஸ் என்றால் நமது உலமாக்கள் என்ன கேட்பார்கள்? யார் சொன்னார், யாரிடம் கேட்டார், அவர் நம்பகமானவரா, இருவரும் சந்தித்தார்களா. தொடரில் ஒருவர் விடுபட்டாலும் பலவீனம். சூரா ஹுஜுராத்தின் 6ஆம் வசனம், செய்தி வந்தால் விசாரிக்கத்தான் சொல்கிறது. அறியாமையால் ஒரு கூட்டத்துக்குக் கேடு செய்துவிடாதிருக்க. இந்த உம்மத்தின் கையில், அனுப்பியவர் யாரென்றே தெரியாத, மேலே இரட்டை அம்புக்குறி விழுந்த செய்தி வருகிறது. அந்த இரட்டை அம்புக்குறி ஐந்து கைக்கு மேல் மாறி வந்தது என்பதற்கான அடையாளம். இதனால்தான் வட்ஸ்அப் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்கு மட்டும் அனுப்ப விடுகிறது. அமெரிக்கக் கம்பெனிக்கு இருக்கும் பேணுதல் நமக்கு இல்லை. ‘எனக்கு வந்தது, உண்மையா தெரியாது, அல்லாஹு அஃலம்’ என்று கீழே போட்டால் பொறுப்பு முடிந்ததா? உண்மையா தெரியாது என்றால் எதற்கு அனுப்பினீர்கள்?

காஸா விடயத்திலும் இதே கதை. 2024 மே மாதத்தில் றபாவைப் பற்றி ஒரு படம் 4 கோடிக்கும் மேற்பட்ட தடவை பகிரப்பட்டது. அது செயற்கை நுண்ணறிவு வரைந்த படம். அதில் ஒரு துளி இரத்தமில்லை, ஒரு முகமில்லை. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட ஊடகவியலாளர்கள் உயிரைக் கொடுத்து எடுத்த உண்மையான படங்கள் இருக்கின்றன. நாமே பொய்ப்படம் போட்டால், நாளை உண்மைப்படத்தையும் ‘இதுவும் ஏஐதான்’ என்று தள்ளிவிட எதிரிக்கு வசதி.

குரூப் அட்மின்மாருக்கு ஒரு வேண்டுகோள். அந்த வொய்ஸ் கட்டில் பேசுபவர் தன்னை ‘ஒரு டொக்டர்’ என்கிறார். பெயர் இல்லை, வைத்தியசாலை இல்லை. இலங்கை மருத்துவ சபையில் பதிந்த வைத்தியர் ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு இலக்கம் உண்டு. அதைக் கேளுங்கள். தராவிட்டால் அழியுங்கள், அனுப்பியவர் மச்சானாக இருந்தாலும் சரி, பள்ளி நிர்வாக சபைத் தலைவராக இருந்தாலும் சரி. ஹஸ்ரத்மார் ஒரு ஜும்ஆவில் ஐந்து நிமிடம் இதைப் பேசினால், நாம் எழுதும் பத்துப் பதிவுகளை விடப் பலன் கிடைக்கும்.

ஊசி போட வரும் திகதி தெரிந்ததும் பாடசாலையிலிருந்து கடிதம் வரும். அதைக் கிழித்துப் போடாமல் உங்கள் சந்தேகங்களை அதன் பின்பக்கத்தில் எழுதி அனுப்புங்கள். எம்.ஓ.எச்.சையும் நமது பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரையும் அதற்கு முன் ஒரு நாள் பாடசாலைக்குக் கூப்பிட்டு, உங்கள் முன்னால் உட்கார வைக்கிறோம். உம்மாமாரை மட்டும் அனுப்பிவிட்டு வாப்பாமார் கடையில் இருந்துவிட வேண்டாம். வொய்ஸ் கட்டைப் பகிர்ந்தவர்களுக்கு முன் வரிசையில் கதிரை போட்டு வைப்போம்.