சாவா மூவாப் பேராடு

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்து ஏரியில் உருண்டை உருண்டையாகப் பெருங்கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டை என்று செய்தி பரவியது. படங்கள் கைபேசி கைபேசியாகப் பறந்தன. நிலவியல் அறிந்தவர்கள் பார்த்துவிட்டு, முட்டையெல்லாம் இல்லை, அம்மோனைட் என்ற கடலுயிரியைச் சுற்றி வண்டல் இறுகி உண்டான கல்லுருண்டைகள் என்றார்கள். ஊருக்கு ஏமாற்றம். குன்னம் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்ற சேதி, முட்டை இல்லை என்ற வருத்தத்தில் யார் காதிலும் சரியாக விழவில்லை.

இதை எடுத்துச் சொல்ல ஒரு சிறுவர் கதை இருந்திருக்கலாம். பேசும் விலங்குகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு குழந்தைகள் பழைய காலத்துக்குப் போய்வரும் சாகசக் கதை. பஞ்சதந்திரம் கேட்டு, அம்புலிமாமா படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு நரியும் காகமும் பேசுவதில் ஒரு சங்கடமும் இல்லை. காலப் பயணம்தான் இடறுகிறது. நம் கதைகளில் பழைய காலம் என்றால் பெரும்பாலும் அரண்மனை, வாள், குதிரை, அதோடு சரி.

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் இந்தச் சிக்கல் இன்னும் சுவையானது. இங்கே இரண்டு பழங்காலங்கள் உண்டு. ஒன்று ராஜேந்திர சோழனின் கங்கைகொண்ட சோழபுரம். வயது சுமார் ஆயிரம். மற்றொன்று டைனோசர்களின் காலம். இந்தியா தெற்கே தனி நிலமாக மிதந்துகொண்டிருந்தபோது கரையேறி வந்த கடலின் காலம். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைக் குழந்தைக்கு எப்படிக் காட்டுவது? கங்கைகொண்ட சோழபுரம் கோயில் வாசலில் நிறுத்தி, ஆயிரம் ஆண்டுக்கு ஒரு மீட்டர் என்று கணக்கு வைத்து நடக்கச் சொல்லலாம். பத்து வயதுப் பிள்ளையின் ஆயுள் முழுவதும் ஒரு சென்டிமீட்டரில் முடிந்துவிடும். ஓர் எட்டு எடுத்து வைத்தால் ராஜேந்திரன் வந்துவிடுவான். அரியலூரின் கடைசி டைனோசர்களைப் பார்க்கக் கிட்டத்தட்ட பெரம்பலூர் வரை நடக்க வேண்டும். சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் கல்மரத்துக்கு 12 கோடி ஆண்டு என்கிறார்கள். 1940-இல் நிலவியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டறிந்து சொன்ன மரம் அது. அதன் காலத்தைத் தொட வேண்டுமானால் பெரம்பலூரையும் தாண்டி ஆத்தூர்ப் பக்கம் போயாக வேண்டும்.

இத்தனை தூரத்துக்கு வழிகாட்டி யார்? வெளியே தேட வேண்டியதில்லை. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க ஆடுகளைக் கொடையாகக் கொடுத்ததைச் சோழர் கல்வெட்டுகள் வரிசையாகச் சொல்கின்றன. தஞ்சையில் ஒரு விளக்குக்கு 96 ஆடு, நாளுக்கு ஓர் உழக்கு நெய் என்று கணக்கு. அந்த ஆடுகளுக்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. செத்ததற்கு ஈடாகக் குட்டியைச் சேர்த்து, இடையர் எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருக்க வேண்டும் என்ற ஒப்பந்தம்தான் அது, மாயம் ஏதுமில்லை. ஆனால் சாகாமலும் மூப்படையாமலும் ஆயிரம் ஆண்டாகக் கல்லில் மேயும் ஆட்டைவிடப் பொருத்தமான காலப் பயணியைக் கற்பனையால் செய்துவிட முடியுமா? சிறுவர் எழுத்தாளர்கள் இதை இன்னும் விட்டுவைத்திருப்பது ஆச்சரியம்.

ஆடு பேசலாம். அந்தச் சுதந்திரம் எழுதுபவருக்கு உண்டு. ஆனால் ஆட்டைச் சுற்றியுள்ள உலகம் பிசகக் கூடாது. இன்றைய பெரம்பலூர்ப் பிள்ளை ராஜேந்திரன் காலத்தில் இறங்கினால் மக்காச்சோளக் காடு இருக்காது. ஜெயங்கொண்டம் பக்கத்து முந்திரித் தோப்பு இருக்காது. குழம்பில் மிளகுதான், மிளகாய் கிடையாது, தக்காளியும் கிடையாது. வேலியோரத்துச் சீமைக்கருவேலமும் இல்லை. எல்லாம் கடல் கடந்து பின்னால் வந்தவை. இவை இல்லாத நிலத்தில் பசியோடு நிற்கும் ஒரு பிள்ளைக்கு வரலாறு வயிற்றிலிருந்தே தொடங்கும்.

இங்கிலாந்தில் ஈ. நெஸ்பிட் 1906-இல் இப்படியொரு கதை எழுதினார். பேசும் மணல் பூதம் ஒன்றின் துணையோடு நான்கு பிள்ளைகள் ஒரு தாயத்து வழியாகப் பழைய எகிப்துக்கும் பாபிலோனுக்கும் போகிறார்கள். புத்தகத்தை நெஸ்பிட் காணிக்கையாக்கியது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் எகிப்தியப் பழம்பொருள்களுக்குப் பொறுப்பாளராக இருந்த வாலிஸ் பட்ஜ் என்ற அறிஞருக்கு. பூதத்தைத் தானே படைத்துக்கொண்டவர், எகிப்துக்கு அவரிடம் உதவி கேட்டார். நம்மிடமும் கங்கைகொண்ட சோழபுரத்தை அடுத்த மாளிகைமேட்டில் சோழர் அரண்மனையின் செங்கல் அடித்தளத்தைத் தோண்டி எடுத்த தொல்லியல் துறை இருக்கிறது. கேட்கத்தான் ஆள் குறைவு.

டைனோசருக்குப் பேச்சுக் கொடுப்பது இன்னும் கடினம். அரியலூரை அடுத்த கள்ளமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1987-இல் யாதகிரி, அய்யாசாமி என்ற இரு அறிஞர்கள் புருகத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவர உண்ணி என்று ஆயிற்று. கல்மரமாக இருக்கலாம் என்று ஐயப்பட்டவர்களும் உண்டு. உலகில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்றாக இருந்திருக்கலாம். ஆனால் எலும்புகள் பொடிந்து போய்விட்டன. மிஞ்சியவை படங்களும் பதிவுகளும்தான். தன் எலும்பே இல்லாமல் போன ஒரு விலங்கு, நான் யார் என்று பிள்ளைகளிடம் கேட்கட்டும். அறிவியல் எப்படித் தயங்கித் தயங்கி நடக்கிறது என்பதைப் பாடப்புத்தகத்தைவிட அந்த ஓர் அத்தியாயம் நன்றாகச் சொல்லும்.

ராஜேந்திரனின் படை கங்கை வரை போய் வந்ததைச் செப்பேடு பாடுகிறது. அவன் வெட்டுவித்த சோழகங்கம் ஏரியை நீரால் ஆன வெற்றித்தூண் என்கிறது. கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரும் வரித்தலை வாத்துகள் இமயத்தையே தாண்டி ஆண்டுதோறும் வருகின்றன, பட்டம் ஏதும் கேட்காமல். ஒரு வாத்து இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். மன்னரைப் பற்றி அந்த அளவு சிரிப்பு நம் சரித்திரக் கதைகளுக்குத் தேவை. ராஜேந்திரன் பிறந்தநாளான ஆடித் திருவாதிரை அரசு விழாவாகிவிட்டது, நல்லது. ஏரியை வெட்டிய கூலிகள், மண் சுமந்த மாடுகள் பக்கமிருந்தும் யாராவது பேச வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் கொள்ளிடத்தில் கீழணை கட்ட கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள். இந்தக் கதையில் அந்தக் கல் வண்டியும் ஒரு நிறுத்தமாக இருக்கட்டும். 2004-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் எப்போதும் இப்படியே போற்றப்பட்டதில்லை என்று குழந்தைகளுக்குத் தெரிவதில் குற்றமில்லை.

அவசரமும் உண்டு. அரியலூரின் சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும் சுண்ணாம்புக்கல் அந்தப் பழைய கடலின் படிவுதான். கிளிஞ்சலும் அம்மோனைட்டும் லாரி லாரியாக உலைக்குப் போகின்றன. நாம் குடியிருக்கும் வீட்டுச் சுவரிலும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கிறது என்பதால் யாரும் யாரையும் முழுக்கக் குற்றம் சொல்லிவிட முடியாது.

எழுத நினைப்பவர்கள் முதலில் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். சாத்தனூர், காரை, வாரணவாசி அருங்காட்சியகம், மாளிகைமேடு எல்லாம் அருகருகே இருக்கும் இரண்டு மாவட்டங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. காரையின் செம்மண் ஓடைகளில் ஒதுங்க நிழல் கிடையாது. தண்ணீர் எடுத்துக்கொண்டு விடியலிலேயே போய்விடுவது நல்லது.