"அடுத்த மட்ச்சுக்கு இருக்கிறானா?"

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இங்கே ஃபுட்போல் என்றால் எங்கட உதைபந்தாட்டம் இல்லை. தலைக்கவசம், தோள் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற, ஓடுகிறவனை மோதி விழுத்துகிற அமெரிக்க விளையாட்டு. அதிலும் என்.எஃப்.எல். பற்றி நான் கதைக்கவில்லை. பல்கலைக்கழக அணிகள் பற்றித்தான் கதைக்கிறேன்.

"உனக்கென்னடா அதில வேலை?" எண்டு றூமில இருக்கிற ரெண்டு பேர் ஏற்கெனவே கேட்டுவிட்டார்கள். வேலை இதுதான்: அந்தப் பெடியன்கள் எங்கட வயசு. பதிவேட்டில் அவர்களும் எங்களைப் போலப் பல்கலைக்கழக மாணவர்கள். அந்த "மாணவர்" என்ற சொல்லை வைத்து அவர்களுக்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று பார்த்தால், இன்னொரு மாணவனாகக் கோபம் வராமல் இருக்காது.

ஆனால் நான் முதலில் கோபப்படுவது ரசிகர்களோடு. பிறகுதான் நிர்வாகம்.

2018 ஒக்டோபர் 20. லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம், சுருக்கமாக எல்.எஸ்.யு., மிசிசிப்பி ஸ்டேட்டை 19-3 என்று வென்றது. ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில் எல்.எஸ்.யு.வின் லைன்பேக்கர் டெவின் வைட், பந்தை எறிந்து முடித்திருந்த எதிரணிக் குவாட்டர்பேக்கோடு மோதினார். "டார்கெட்டிங்" என்று தீர்ப்பு வந்தது, வைட் வெளியேற்றப்பட்டார். பிரச்சினை அதோடு முடியவில்லை. இரண்டாம் பாதியில் வெளியேற்றப்பட்டால் அடுத்த மட்ச்சின் முதற்பாதியும் விளையாட முடியாது என்பது விதி. அந்த அடுத்த மட்ச் நவம்பர் 3 ஆம் திகதி, நாட்டின் முதலிடத்தில் இருந்த அலபாமாவோடு, எல்.எஸ்.யு.வின் சொந்த மைதானத்தில். அந்த மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சனம் இருக்கலாம். (எங்கட இன்டர்-ஃபெகல்டி ஃபைனலுக்கு வாற கூட்டத்தை விட அங்க பான்ட் வாசிக்கிற ஆக்கள் கூட.)

பிறகு நடந்த கூத்தைக் கேளுங்கள். ரசிகர்கள் இணையத்தில் காசு சேர்த்தார்கள். போட்டித்தொடரை நடத்தும் எஸ்.ஈ.சி. அமைப்பின் தலைமையகம் இருக்கிற பேர்மிங்ஹாம் நகரத்தில், வைட்டை விடுவிக்கச் சொல்லி வீதியோரம் விளம்பரப் பலகை வைத்தார்கள். கிளின்டனின் தேர்தல் ஆலோசகராக இருந்த ஜேம்ஸ் கார்வில், இது அலபாமாவுக்குச் சார்பான சதி என்று பகிரங்கமாக எழுதினார். ஒரு அரைவாசி மட்ச்சுக்காக.

மட்ச் நடந்தது. வைட் இல்லாத முதற்பாதியில் 16-0. வைட் வந்த இரண்டாம் பாதியில் 13-0. மொத்தம் 29-0, அலபாமா வென்றது. சதியோ இல்லையோ, வைட் இருந்த பாதியிலும் எல்.எஸ்.யு. ஒரு புள்ளி எடுக்கவில்லை.

வைட்டுக்கு அநியாயம் நடந்ததா? மோதலின் வீடியோவைப் பார்த்தால் நானும் "சின்ன விஷயம்தானே" என்றுதான் சொல்வேன். ஆனால் என் கேள்வி வேற. ஒரு வீரன் அடுத்த மட்ச்சின் பாதியை இழந்ததுக்கு விளம்பரப் பலகை வைக்கிற சனம், ஒரு வீரன் முழங்காலை, கழுத்தை, ஞாபகசக்தியை இழக்கும்போது எங்கே போகிறது?

விதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதைத் திட்டுகிற பலருக்கு அது ஏன் வந்தது என்று தெரியாது. தலைக்கவசத்தின் உச்சியால் மோதுவதும், தன்னைக் காத்துக்கொள்ள முடியாத நிலையில் நிற்பவரின் தலையிலோ கழுத்திலோ பலமாக மோதுவதும்தான் டார்கெட்டிங். 2008 இல் இதற்கு 15 யார் தண்டனை வந்தது. அது போதவில்லை என்று 2013 இல் வெளியேற்றத்தையும் சேர்த்தார்கள். முதல் வருடம் அதில் ஒரு பகிடியும் இருந்தது: வீடியோ பார்த்து "இது டார்கெட்டிங் இல்லை" என்று வெளியேற்றத்தை ரத்துச் செய்தாலும் 15 யார் தண்டனை அப்படியே நிற்கும்! அடுத்த வருடம் திருத்தினார்கள். முதற்பாதியில் பிடிபட்டால் அந்த மட்ச்சின் மிச்சம் போகும். இரண்டாம் பாதியில் பிடிபட்டால் அடுத்த மட்ச்சிலும் பாதி போகும். இல்லாவிட்டால் கடைசி நிமிடத்தில் யாரும் யாரையும் இடித்துவிட்டு ஒரு நட்டமும் இல்லாமல் போகலாம்தானே.

ஆக, "விளையாட்டை மென்மையாக்கிப்போட்டாங்கள்" என்று அழுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அடுத்த மட்ச்சில் கை வைக்கும்போதுதான் வலிக்கிறது என்றால், அங்கேதான் கை வைக்க வேண்டும்.

என் சண்டை, அந்த வலி யாருக்குப் போய்ச் சேருகிறது என்பதில். தண்டனை முழுக்க 20 வயதுப் பெடியன் ஒருவனின் தலையில் விழுகிறது. அப்படி மோதப் பழக்கிய பயிற்றுவிப்பாளருக்கு ஒன்றும் இல்லை. டிக்கெட் விற்கிற, தொலைக்காட்சி ஒப்பந்தம் போடுகிற பல்கலைக்கழகத்துக்கு ஒன்றும் இல்லை. சரி, பெடியனுக்காவது கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள்: 2020 இலிருந்து வெளியேற்றப்பட்டவர் உடைமாற்றும் அறைக்குப் போகாமல் அணியோடு ஓரத்தில் நிற்கலாம் என்றார்கள். 2022 இலிருந்து அடுத்த மட்ச் தண்டனைக்கு எதிராக மேன்முறையீடும் வந்தது. நல்லது. வெளியேற்றப்பட்டவருக்கு மேன்முறையீடு இருக்கிறது. காயப்பட்டவர் எங்கே போய் மேன்முறையீடு செய்வது?

2019 ஐ எடுங்கள். அலபாமாவின் குவாட்டர்பேக் டுவா தகோவைலோவா. ஒக்டோபரில் கணுக்காலில் காயம், அடுத்த நாளே சத்திரசிகிச்சை. மூன்று வாரத்தில் எல்.எஸ்.யு.வோடு விளையாட வந்துவிட்டார். 46-41 என்று தோல்வி. அதற்கடுத்த கிழமை, நவம்பர் 16, மிசிசிப்பி ஸ்டேட்டோடு. ஸ்கோர் 35-7. முதற்பாதியே முடியவில்லை, மட்ச் முடிந்த மாதிரி. ஆனாலும் டுவா மைதானத்தில் நிற்கிறார். இரண்டு பேர் மேலே விழ, இடுப்பு மூட்டு விலகி எலும்பும் உடைந்தது. மைதானத்திலிருந்து வண்டியில் ஏற்றி, பிறகு ஹெலிகொப்டரில் கொண்டுபோனார்கள். அதுதான் அவருடைய கடைசித் தொடராக இருக்கவிருந்தது என்று பயிற்றுவிப்பாளர் நிக் சேபன் பிறகு சொன்னார்.

டுவாவும் விளையாட விரும்பியிருப்பார் என்பதை மறுக்கவில்லை. 21 வயதில் யார்தான் "ஏலாது, நான் இருக்கிறன்" எண்டு சொல்லுவான்? அதனால்தான் அந்த முடிவை அவனிடமும் அவனுடைய வெற்றியில் சம்பளம் வாங்குகிற பயிற்றுவிப்பாளரிடமும் விடக்கூடாது. அந்த நாட்களின் விளையாட்டுப் பேச்சு எதைப் பற்றி? மாற்று வீரர் மக் ஜோன்ஸ் தாக்குப்பிடிப்பாரா, அலபாமா ப்ளேஓஃபுக்குப் போகுமா, டுவா என்.எஃப்.எல். தெரிவில் எத்தனையாவது இடத்துக்கு இறங்குவார். ஒரு மனிதனின் இடுப்பு உடைந்திருக்கிறது, சனம் பங்குச்சந்தை பார்க்கிறது.

உண்மையான சந்தையும் வந்துவிட்டது. 2018 மே மாதம் அமெரிக்க உயர் நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த கூட்டாட்சித் தடையை நீக்கியது. அந்த வழக்கில் பந்தயத்துக்கு எதிராக நின்ற தரப்பில், கல்லூரி விளையாட்டை நடத்துகிற என்.சி.ஏ.ஏ.வும் ஒன்று. பிறகு என்ன? 2023 இல் பிக் டென், 2024 இல் எஸ்.ஈ.சி. என்று பெரிய தொடர்கள் மட்ச்சுக்கு முன் வீரர் பட்டியல் வெளியிடத் தொடங்கின. யார் வருவார், யார் சந்தேகம், யார் இல்லை. பந்தயக்காரர்கள் மாணவர்களைத் தனிப்பட்ட முறையில் நச்சரித்துத் தகவல் பிடுங்காமல் இருக்கத்தான் இது என்று காரணம் சொன்னார்கள். அதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பட்டியல் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். உனக்கு என்ன நடந்தது என்று அது கேட்கவில்லை, சனிக்கிழமை இருப்பியா இல்லையா என்றுதான் கேட்கிறது. கடையில சாமான் இருக்கா முடிஞ்சுதா எண்டு எழுதி ஒட்டின மாதிரி.

இனி "மாணவர்" என்ற சொல்லுக்கு வருவோம்.

1905 இல் மட்டும் குறைந்தது 18 பேர் இந்த விளையாட்டில் செத்தார்கள். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் தலையிட, விதிகளைத் திருத்த ஒரு அமைப்பு உருவானது. அதுதான் இன்றைய என்.சி.ஏ.ஏ. சாவைத் தடுக்கப் பிறந்த அமைப்பு என்று சொன்னால் தப்பில்லை.

அரை நூற்றாண்டு கழிந்து, 1955 இல் கொலராடோவில் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காக விளையாடிய ரே டெனிசன் தலையில் அடிபட்டு இறந்தார். மனைவி தொழிலாளர் நட்டஈடு கேட்டு வழக்குப் போனார். புலமைப்பரிசில் கொடுத்து விளையாட வைத்தால் அது வேலைதானே என்பது வாதம். 1957 இல் கொலராடோ உயர் நீதிமன்றம் கையை விரித்தது. அந்தக் காலத்தில்தான் என்.சி.ஏ.ஏ. "மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொல்லைத் தேடிப்பிடித்து எல்லா இடமும் பாவிக்கச் சொன்னது. வீரர்களைத் தொழிலாளர் என்று சட்டம் சொல்லிவிடுமோ என்ற பயத்தில் உருவாக்கிய சொல் அது என்று, அந்த அமைப்பைப் பல தசாப்தம் நடத்திய வோல்டர் பையர்ஸே 1995 இல் தன் நினைவுக்குறிப்பில் ஒத்துக்கொண்டார்.

எங்கட ஃபெகல்டியில மொழியும் அதிகாரமும் எண்டு கட்டுரை எழுதுறனாங்கள். இதை விட நல்ல உதாரணம் கிடைக்காது.

அந்தச் சொல் நன்றாகவே வேலை செய்தது. 1974 இல் அலபாமாவோடு நடந்த மட்ச்சில் டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்தின் கென்ற் வால்ட்ரெப் கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். வருடக்கணக்காக வழக்காடி, 2000 ஆம் ஆண்டில் அவருக்குக் கிடைத்த பதில்: நீ ஊழியர் இல்லை. 2011 இல் பயிற்சியில் தலையில் அடிபட்டு டெரெக் ஷீலி என்ற மாணவர் இறந்தார். பெற்றோர் போட்ட வழக்கில், மாணவ வீரர்களைப் பாதுகாக்கும் சட்டக் கடமை தனக்கு இருப்பதை மறுப்பதாக என்.சி.ஏ.ஏ. எழுத்தில் பதில் கொடுத்தது. 1905 சாவுகளில் பிறந்த அமைப்பு!

இனி "இப்பதானே காசு குடுக்கினம்" என்ற பதில் வரும். வரட்டும். ஆம், 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் உழைக்கலாம். 2025 ஜூனில் ஒப்புதல் பெற்ற ஹவுஸ் வழக்கின் இணக்கப்பாட்டால், ஒரு பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஏறத்தாழ 20.5 மில்லியன் டொலர் வரை எல்லா விளையாட்டு வீரர்களுக்கும் பகிரலாம். பெரிய தொகைதான். பக்கத்தில் இன்னொன்றையும் வையுங்கள்: 2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் தன் பயிற்றுவிப்பாளர் ஜிம்போ ஃபிஷரை வேலையை விட்டு நிறுத்தியது. ஒப்பந்தப்படி அவருக்குக் கொடுக்கவேண்டி வந்தது 75 மில்லியன் டொலருக்கும் மேல். வேலை செய்யாமல் இருப்பதற்கு!

அதோடு, காசு கொடுப்பதும் ஊழியர் என்று ஏற்பதும் ஒன்றல்ல. சம்பளம் போல ஒன்று வருகிறது, தொழிலாளர் நட்டஈடு வரவில்லை. நட்சத்திரக் குவாட்டர்பேக் மில்லியன் எடுக்கலாம். அதே அணியில் மூன்றாம் வரிசையில் நின்று, பயிற்சியில் ஒவ்வொரு நாளும் தலையைக் கொடுக்கிறவன்?

தலை என்று சொன்னது சும்மா இல்லை. 2017 இல் பொஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்த ஃபுட்போல் வீரர்கள் 202 பேரின் மூளைகளை ஆராய்ந்து வெளியிட்டார்கள். கல்லூரி மட்டத்தோடு நின்றுவிட்ட 53 பேரில் 48 பேருக்கு சி.டி.ஈ. இருந்தது. திரும்பத் திரும்ப அடிபட்டு மூளை மெல்ல மெல்லச் சிதைகிற நோய். அந்த மூளைகள் குடும்பங்கள் தாமாகக் கொடுத்தவை, ஏற்கெனவே சந்தேகம் இருந்தவர்கள்தான் அதிகம் கொடுத்திருப்பார்கள், ஆகவே பத்தில் ஒன்பது பேருக்கு வரும் என்று கணக்குப் போடக்கூடாது. ஆய்வாளர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். என்றாலும் 48 பேர் 48 பேர்தான். அவர்களில் யாரும் என்.எஃப்.எல். காசைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை.

இந்த நோய் இருபது முப்பது வருடம் கழித்தும் வெளியில் தெரியலாம். உயிரோடு இருக்கும்போது உறுதியாகக் கண்டுபிடிக்கவும் வழியில்லை. இப்ப என்.சி.ஏ.ஏ. தருகிற பாதுகாப்பைப் பாருங்கள்: 2024 ஓகஸ்டிலிருந்து, விளையாட்டில் வந்த காயங்களுக்கு, பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியபின் குறைந்தது இரண்டு வருடம் மருத்துவச் செலவு. இரண்டு வருடம். முழங்கால் சத்திரசிகிச்சைக்கே அது போதுமோ தெரியாது, மூளைக்கு எங்கே போவது?

ஆகவே டார்கெட்டிங் விதி கூடாது, வெளியேற்றம் கூடாது, அடுத்த மட்ச் தண்டனை கூடாது என்று கத்துகிறவர்களுக்கு என் பதில்: விதி இருக்கட்டும், இன்னும் மேலே போகட்டும். ஒரு சீசனில் ஒரே அணியிலிருந்து இத்தனை பேர் வெளியேற்றப்பட்டால் பயிற்றுவிப்பாளரும் அடுத்த மட்ச்சின் முதற்பாதி வீட்டில் இருந்து பார்க்கட்டும். அவருக்காகவும் சனம் விளம்பரப் பலகை வைக்கட்டும், பார்ப்பம். காயப்பட்டவன் திரும்ப இறங்கலாமா என்பதை, பல்கலைக்கழகத்திடம் சம்பளம் வாங்காத ஒரு வைத்தியர் முடிவெடுக்கட்டும். அந்த இரண்டு வருடத்தை அடிச்சுப்போட்டு "உயிருள்ளவரை" எண்டு எழுதட்டும். மட்ச்சில யார் வருவினம், யார் வரமாட்டினம் எண்டதை அதுக்குப் பிறகு கதைப்பம்.