செஞ்சி யாருடைய கோட்டை?

கோடை விடுமுறையில் ஒரு நாள் ஊத்தங்கரையிலிருந்து புதுச்சேரிக்குக் குடும்பத்துடன் காரில் புறப்பட்டோம். செங்கம், திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் என்று நீளும் வழி அது. கடலைக் காணும் அவசரத்தில் செஞ்சி மலைகளைக் கார்க் கண்ணாடி வழியாகவே பார்த்துவிட்டுப் பலமுறை கடந்திருக்கிறோம். இம்முறை வண்டியை நிறுத்தச் சொன்னவர் எங்கள் தாயார். சிறுவயதில் ஊர்த் திடலில் விடிய விடியக் கேட்ட தேசிங்குராஜன் கதை அவர் நினைவில் இன்றும் அழியாமல் இருக்கிறது. "கதையைக் கேட்டாச்சு, அவன் இருந்த எடத்தைப் பாக்க வேணாமா?" என்றார்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளையும் வளைத்துச் செல்லும் மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். தாயாரைக் கல்யாண மகாலின் நிழலில் அமர்த்திவிட்டுப் பிள்ளைகளுடன் ராஜகிரியில் ஏறினோம். 800 அடிக்கு மேற்பட்ட உயரம். உச்சியை நெருங்குமிடத்தில் பாறை பிளந்து பள்ளமாகக் கிடக்கிறது. சிறு பாலத்தைக் கடந்தே அப்பால் போக வேண்டும். அங்கே நின்றபடிதான் ஏழாம் வகுப்புப் படிக்கும் மகன் கேட்டான்: "அப்பா, இது நம்ம ராஜா கட்டினதா, வேற யாராவது கட்டினதா?"

இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் நமக்கு அக்கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. கோன் மரபினர் முதலில் அரண் எழுப்பினர் என்பது வழிவழிச் செய்தி. பின்னர் விஜயநகர ஆட்சியின்கீழ் நாயக்கர்கள் அதை விரித்துக் கட்டினர். அவர்களிடமிருந்து பீஜப்பூர் சுல்தானியர் கொண்டனர். 1677இல் சிவாஜி கைப்பற்றினார். அவர் மகன் ராஜாராம் இங்கே தங்கியிருந்தபோது முகலாயர் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டது. 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர். இவர்களுள் 'நம்ம ராஜா' யார்?

2025 ஜூலையில் யுனெஸ்கோ அமைப்பு 'மராட்டியப் படைத்துறை நிலவமைப்புகள்' என்னும் பெயரில் 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தது. அவற்றுள் 11 மகாராட்டிரத்தில் உள்ளவை, பன்னிரண்டாவது செஞ்சி. மராட்டியருக்கு முன்பே எழுந்த கோட்டைக்கு மராட்டியப் பெயரா என்று நண்பர்கள் சிலர் மனம் வருந்தினர். அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் அப்பெயரை நீக்கி வேறோர் அரச மரபின் பெயரை எழுதிவிட்டால் கோட்டை நமதாகிவிடுமா என்பதே நம் ஐயம். கட்டியவர், வென்றவர் என்ற கணக்கு ஒன்றே உரிமைக்கு அடிப்படை என்றால், அங்கே கல் சுமந்த மக்களுக்கு அதில் இடமே இராது.

கீழே இறங்கி வந்ததும் மகன் அதே கேள்வியைத் தன் பாட்டியிடம் கேட்டான். அவர் தயங்கவில்லை. "அவன் செத்ததுக்கு நாங்கல்லாம் அழுதிருக்கோம்டா. அப்புறம் எப்படி நம்ம ராஜா இல்லாம போவான்?"

தேசிங்கு என்று நாம் வழங்கும் தேஜ்சிங் புந்தேலா ராஜபுத்திரர் குலத்தவன். செஞ்சியை அவன் ஆண்டது ஓராண்டுகூட நிறையவில்லை. ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுடன் எழுந்த திறைத் தகராறு போராக முற்றி, 1714இல் இளமையிலேயே களத்தில் மாண்டான். அரசியல் வரலாற்றில் இது ஒரு பத்திக்குள் அடங்கும் செய்தி. எட்டாண்டு முற்றுகைக்குப் பின் கோட்டையை வென்ற தளபதியைத் தமிழ் நாட்டார் பாடவில்லை. தோற்ற இந்த இளைஞனைப் பாடினார்கள். திருமணத்தை நிறுத்திவிட்டு அவனுக்காகப் போருக்கு வந்து உயிர்விட்ட முசுலிம் நண்பனையும் சேர்த்தே பாடினார்கள். பிறப்பையும் மொழியையும் சமயத்தையும் பாடியவர்கள் கேட்கவில்லை. இன்றும் அக்கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலும் சாதத்துல்லாகான் பள்ளிவாசலும் உள்ளன.

இக்கதையை நாம் வகுப்பில் எப்படி நடத்துகிறோம்? கதைப்பாடலின் வகைகள், எடுத்துக்காட்டு தருக, இரண்டு மதிப்பெண். கட்டபொம்மன், மதுரைவீரன், தேசிங்கு என்று மாணவர் எழுதினால் முடிந்தது. அன்று கோட்டையின் சுண்ணாம்புப் பூச்சில் ஆணியால் கீறப்பட்டிருந்த காதலர் பெயர்களைப் படித்தபடி நடந்தோம். பிழையற்ற தமிழ், நம் மாணவர்களாகவும் இருக்கலாம். அவர்களைக் கடிந்துகொள்ளுமுன் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: அச்சுவரைப் பற்றி அவர்களுக்கு நாம் என்ன சொல்லியிருக்கிறோம்? கதை தெரியாதவனுக்கு அது வெறும் சுவர்.

அறிவிப்புப் பலகைகள் ஆண்டுகளைச் சொல்லும். அழச்செய்யும் வேலை அவற்றுடையதன்று, அது நம்முடையது. அருகிலுள்ள கல்லூரிகளின் தமிழ்த்துறைகள் ஆண்டுக்கு ஒரு நாளேனும் வகுப்பைக் கோட்டைக்கு மாற்றலாம். அக்கதையைப் பாடத் தெரிந்தவர் இன்னும் எஞ்சியிருந்தால் அவரை அழைத்து மாணவர் முன் பாடச் செய்யலாம். எங்கள் தாயாரின் தலைமுறை போய்விட்டால், கேட்டு அழுதோம் என்று சொல்லவும் ஆள் இராது.

மாலையில் புதுச்சேரிக் கடற்கரையை அடைந்தோம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்தவை என்று மகனிடம் சொன்னோம். தூணின் சிற்பங்களைத் தடவிப் பார்த்தவன் பாட்டியிடம் திரும்பி, "இந்தத் தூணுங்க இங்க வந்ததுக்குப் பாட்டு இருக்கா பாட்டி?" என்றான்.

"எனக்குத் தெரிஞ்சு இல்லப்பா" என்றார். அன்று இரவு நெடுநேரம் அவர் பேசவில்லை.